எரிந்தனவா, எரித்தனரா?

பெருமுக்கல் குன்றுக்குப் பெயர் இரண்டு. ஊரார் வாயில் வழங்குவது ஒன்று; வெள்ளைக்காரன் ஏட்டில் ஏறியது மற்றொன்று. திண்டிவனத்திலிருந்து மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் வழியிலே நிமிர்ந்து நிற்கும் அந்தக் கற்குன்றைப் 'பெர்மாக்கோயில்' என்று எழுதி வைத்தான் கும்பினியான். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை முறியடித்த அயர் கூட், சில வாரங்களில் இக்குன்றின் கோட்டையையும் பிடித்தான். 1758இல் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் தகர்த்திருந்தனர். 1761இல் ஆங்கிலேயர் புதுவை நகரையே தரைமட்டமாக்கி அதற்குப் பழி தீர்த்தனர். பள்ளிப் பாடநூலில் இதற்குப் பெயர் மூன்றாம் கர்நாடகப் போர். இருபதாண்டு கழித்து ஐதர் அலியின் குதிரைப்படை இதே மண்ணில் புகுந்து நாட்டைச் சூறையாடிற்று. அதற்குப் பெயர் ஐதர் கலாபம். எரிந்த கூரை இரண்டு முறையும் ஏழையின் கூரைதான். ஆயினும் ஒன்று போராம், மற்றொன்று கலாபமாம்!

பழைய கதை, இன்று எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பெருமுக்கலிலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்திலே நடந்த சாதிச் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக ஊர்திகள் சென்ற நாளில், மரக்காணத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில் மோதல் மூண்டது. ஆதித்திராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின; பேருந்துகள் எரிந்தன; இருவர் மாண்டனர். அன்று தொட்டு ஏடுகள் அதற்குச் சூட்டிய பெயர் 'மரக்காணம் கலவரம்'. 1978 ஜூலையில் பன்னிரண்டு ஆதித்திராவிடர் கொல்லப்பட்டபோது, 'விழுப்புரம் கலவரம்'. செய்தவனுக்குப் பெயர் இல்லை; ஊருக்கே குற்றவாளிப் பட்டம்! உப்பளத்தில் நாளெல்லாம் கால் வெந்து உழைக்கும் மரக்காணத்தான் என்ன பிழை செய்தான், தன் ஊரின் பெயரைக் கலவரத்துக்கு அடைமொழியாகத் தருவதற்கு?

தமிழ் இலக்கணம் கற்றோர் தன்வினை, பிறவினை என்ற பாகுபாட்டை அறிவர். 'குடிசைகள் எரிந்தன' என்றால் தன்வினை. தாமாகவே எரிந்தன, வெயிலில் எரிந்தனவோ விதியால் எரிந்தனவோ, கேட்பாரில்லை. 'குடிசைகளை எரித்தனர்' என்றால் பிறவினை. உடனே எழுவாயைத் தேடுகிறோம். யார் எரித்தனர்? எவர் ஏவலால்? எவர் பார்த்திருக்க? இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஓர் எழுத்து. மெல்லின 'ந்' போய் வல்லினத் 'த்' வர வேண்டும், அவ்வளவுதான். அந்த ஓர் எழுத்தை அச்சுக் கோக்க நம் நாட்டு ஏடுகளுக்கு எத்தனை தயக்கம்! 'மோதல்' என்ற சொல்லோ இன்னும் சூழ்ச்சி மிக்கது. மோத வேண்டுமானால் இரு பக்கம் வேண்டும். உறங்குகிறவனும் அவன் கூரையில் கொள்ளி வைத்தவனும் மோதிக்கொண்டனர் என்று எழுதிவிட்டால், நடுநிலை காத்தாயிற்று! (மேலே நாமே 'மோதல் மூண்டது' என்றும் 'பேருந்துகள் எரிந்தன' என்றும் எழுதிவிட்டோம் என்பதைப் படிப்போர் கவனித்திருக்கக்கூடும். பழக்கம் அத்தனை ஆழமாக ஊறிக் கிடக்கிறது.)

கீழ்த்தஞ்சையின் கீழவெண்மணிக்குச் செல்வோம். 1968 டிசம்பர் 25. செங்கொடிச் சங்கத்திலே சேர்ந்து, அறுவடைக் கூலியில் சிறிது நெல் கூடுதலாகக் கேட்டனர் உழவுத் தொழிலாளர். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்டிருந்தனர் நிலக்கிழார். அன்று மாலை மிராசுதார் பக்கத்து ஆள் ஒருவர் கொலையுண்டார். இரவிலே ஆயுதங்களோடு வந்தது கூட்டம். ஓட முடியாதவர்கள் ஒரு குடிசைக்குள் ஒண்டினர். மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். குடிசை கொளுத்தப்பட்டது. அரசுக் கணக்கில் 42 பேர்; ஊரார் நினைவுச் சின்னத்தின் கணக்கில் 44 பேர். அந்நாளைய செய்திகளில் அது விவசாயிகளின் இரு பிரிவினர்க்கிடையே நேர்ந்த மோதல் என்ற உருவிலும் வந்தது. மிராசுதாரும் விவசாயி, கூலியாளும் விவசாயி, எரித்தவனும் விவசாயி, எரிந்தவனும் விவசாயி!

வழக்கு நடந்தது. 1970இல் கீழ் நீதிமன்றம் தலைமை நிலக்கிழார் உள்ளிட்டோர்க்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அத்தீர்ப்பின் ஒரு காரணத்தை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இவர்கள் பெருஞ்செல்வர், நிலபுலன் மிக்கவர், ஒருவர் கார் வைத்திருப்பவர், இத்தகையோர் ஏவலாட்களை அனுப்பாமல் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புதல் அரிது என்றது நீதிமன்றம். கார் இருந்தால் கையில் கொள்ளி இராது! அதே நாளில் மறுபக்கத்து ஆள் மாண்ட வழக்கிலோ தொழிலாளர் சிறை சென்றனர். அவர்களிடம் கார் இல்லை.

அப்போது ஆட்சியில் இருந்தது யார்? நம் இயக்கம்தான். அண்ணா முதலமைச்சர். அந்தச் செய்தி அவரை வருத்தியது என்பதும், 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது என்பதும் உண்மை. எனினும் கூலிச் சட்டம் கொலைக்கு விடையாகாது. பிறர் ஆட்சியில் நேர்ந்தால் கொடுமை, நம் ஆட்சியில் நேர்ந்தால் அசம்பாவிதம் என்று நாமே சொல்லத் தொடங்கினால், பகுத்தறிவு என்ற சொல்லை நம் கொடியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்றையும் நோக்குக. கீழவெண்மணிக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 1967 டிசம்பர் இறுதியில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது தில்லி. 1963இன் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் குறிவைத்தது. அதன் வழியில் வந்தது இச்சட்டம். பிரிவினை கேட்கும் வாயை அடைக்கத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது அவர்களுக்கு. நாற்பத்து நால்வரைக் கொளுத்திய கைக்குத் தனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு சட்டங்கள் அடுக்கடுக்காய் வந்தன. 1985இல் தடா, 2002இல் பொடா, 2004இல் பொடா போனதும், பயங்கரவாதத்துக்கான விளக்கம் அந்தப் பழைய 1967 சட்டத்துக்குள்ளேயே குடியேறிற்று. அந்த விளக்கத்தின் சொற்களை ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். கருவிகளின் பட்டியலில் வெடிகுண்டு உண்டு, துப்பாக்கி உண்டு. எளிதில் தீப்பற்றும் பொருள்களும் உண்டு. நோக்கம் என்ன? மக்களிடையே, அல்லது மக்களில் 'ஒரு பிரிவினரிடையே', அச்சத்தை விளைவித்தல். சேரிக்குத் தீ வைப்பவன் வேறு எதற்கு வைக்கிறான்? ஒரு பிரிவினர் அஞ்சி நடுங்கிப் பழைய இடத்திலேயே குனிந்து கிடக்க வேண்டும் என்பதற்குத்தானே? 2012 நவம்பர் 7 அன்று, காதல் மணம் ஒன்றைக் காரணமாக்கித் தருமபுரி நத்தம் காலனியிலும் அண்டைக் குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்களே, அது சட்டத்தின் சொற்படி எதில் சேரும்? சொற்கள் இடம் தருகின்றன. சொற்களை எடுத்தாளும் கைதான் இடம் தருவதில்லை.

கோவைக்கு வருவோம், இங்கே அளவுகோலின் கோணல் பட்டப்பகலாய்த் தெரியும். 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் ஒருவர் இசுலாமிய இளைஞர் சிலரால் குத்திக் கொல்லப்பட்டார். கொடிய செயல். அடுத்த இரண்டு நாளில் இசுலாமியர் கடைகள் கொள்ளையிடப்பட்டன; சிலர் காவல்துறையின் குண்டுக்கும், சிலர் கும்பலின் வெறிக்குமாக 18 இசுலாமியர் பலியாயினர். இரண்டரைத் திங்கள் சென்றபின், 1998 பிப்ரவரி 14 அன்று, நகரெங்கும் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். சந்தைக்கு வந்தவனையும் சாலையில் நடந்தவளையும் குண்டு வைத்துக் கொல்வது பயங்கரவாதம். அதில் நமக்கு இம்மியும் ஐயமில்லை. ஏடுகளும் அரசும் அவ்வாறே அழைத்தன. தனி நீதிமன்றம் அமைந்தது. 2007இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக அடைபட்டிருந்த கேரளத்து மதானி குற்றமற்றவர் என்று அப்போதுதான் விடுவிக்கப்பட்டார். முந்தைய பதினெண்மர் சாவுக்கு வழங்கிய பெயர்? 'கோவைக் கலவரம்'. அப்போதும் மாநிலத்தில் நம்மவர் ஆட்சியே.

58 உயிரை 18 உயிரோடு எடைபோட நாம் வரவில்லை. முதலாவது கொடுமைக்கு மெல்லினமும் இரண்டாவது கொடுமைக்கு வல்லினமும் யார் பகிர்ந்தளித்தது என்றே கேட்கிறோம்.

பெயர் மாற்றிச் சொல்லிப் பார்த்தவர்கள் பட்ட பாடும் உண்டு. காந்தியாரைக் கொன்ற கோட்சேயைக் கொலைகாரன் என்பார்கள், வெறியன் என்பார்கள்; அதற்கு மேல் ஏடுகளின் நா எழுவதில்லை. 2019 மே மாதம் அரவக்குறிச்சித் தேர்தல் கூட்டத்தில் நடிகர் கமல்ஹாசன், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தீவிரவாதி ஓர் இந்து, அவர் பெயர் கோட்சே என்று பேசினார். காவல்துறை வழக்குப் பதிந்தது. முன்பிணை கேட்டு உயர்நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. 1948இல் சுட்டவனுக்குக் கிடைக்காத பெயரை எழுபத்தோர் ஆண்டு கழித்துச் சொன்னதே குற்றம்!

அப்படியானால் எரிப்போர் எல்லார் மீதும் அந்தக் கொடுஞ்சட்டத்தை ஏவு என்று கேட்கிறோமா? இல்லை. அச்சட்டங்களின் பல் எங்கே பதியும் என்பதைத் தமிழ்நாடு கண்டது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இது கொலைதான், தடாச் சட்டத்தின் பொருளில் பயங்கரவாதச் செயல் ஆகாது என்று கூறி 19 பேரை விடுவித்தது. நாடே ஒரு பெயரிட்டு அழைத்த செயலுக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் அந்தப் பெயரை மறுத்தது! வேடிக்கை இதோடு முடியவில்லை. தடாக் குற்றம் இல்லை என்றான பிறகும், தடாவின்படி காவல் அதிகாரி பதிந்த வாக்குமூலங்கள் செல்லும் என்று வைத்துக்கொண்டே நால்வரின் தூக்கும் மூவரின் ஆயுள் தண்டனையும் உறுதியாயின. பெயர் கழன்றது, விலங்கு கழலவில்லை. அவர்களுள் பேரறிவாளன் 2022 மே மாதம்தான் விடுதலை பெற்றார். பொடாவோ, 2002இல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோவைப் பத்தொன்பது மாதம் சிறையில் வைத்தது. நாடாளுமன்றத்தில் அந்தப் பொடாவுக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் வைகோவும் ஒருவர், நம் கழகமும் ஒன்று என்பதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

கடலுக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். இலங்கை 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாண்டு கழித்து, 1981 மே இறுதி இரவில், யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவர்களில் சீருடை அணிந்த காவலரும் இருந்தனர். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே, அரசின் பூட்டுக்குள்ளேயே, 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். வெளியே கொழும்பெங்கும் தமிழர் வீடுகளைக் கொளுத்தினர். உலக ஏடுகளில் இதற்குப் பெயர் இனக்கலவரம். சட்டப் புத்தகத்தில் ஆயத்தமாகவே இருந்த 'பயங்கரவாதம்' என்ற சொல், தமிழ் இளைஞனுக்கென்றே ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்டது. பின்னாளில் தமிழர் பெயரால் நடந்த படுகொலைகளையும் நாம் மறக்கவில்லை. அவற்றுக்குப் பெயர் கிடைக்காமல் போகவில்லை என்பதே இங்கே குறிக்கத்தக்கது.

அந்தச் சொல்லின் பிறப்பையும் எண்ணிப் பார்க்கலாம். பிரெஞ்சுப் புரட்சியில் 1793, 1794 ஆண்டுகளில் தலைகளை வெட்டிக் குவித்த அரசாங்கம், அச்சத்தையே தன் ஆட்சிமுறையாகக் கொண்டிருந்தது. ரோபெஸ்பியர் வீழ்ந்தபின், அந்த ஆட்சியாளரைச் சுட்டவே 'பயங்கரவாதி' என்ற சொல் ஐரோப்பாவில் முதலில் எழுந்தது. பிறந்தபோது அரசைச் சுட்டிய விரல், வளர்ந்தபின் அரசின் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

எழுவாய் கிடைத்த வழக்கு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் மலைவாழ் மக்களின் அச்சிற்றூருக்குள் புகுந்தன. வீடுகளை இடித்தனர், ஊரை அடித்தனர், 18 பெண்களை வன்புணர்ந்தனர். அரசு சொன்ன பெயர், 'தேடுதல் பணி'. மக்களும் மார்க்சியத் தோழர்களும் விடாது போராடினர். உயர்நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுத்துறை விசாரித்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. பத்தொன்பது ஆண்டுகள். 54 பேர் செத்தே போயினர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், எஞ்சியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது: வனத்துறையினர் 126, காவலர் 84, வருவாய்த்துறையினர் 5. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும், அதில் 5 இலட்சத்தை வன்புணர்ந்த குற்றவாளிகளிடமிருந்தே வாங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.