உயிரணுவிற்கோர் உரைகல்

பொன்னென்று ஒருவர் சொல்லிவிடுவதால் மட்டும் ஒரு பொருள் பொன்னாகிவிடுவதில்லை. உரைகல்லில் உரைத்து மாற்றுக் கண்ட பின்னரே கடைவீதி அதனை ஏற்கின்றது. அந்த உரைகல்லும் ஊருக்கொரு விதமாக இருக்குமாயின், ஓரூரின் பொன் மற்றோரூரில் பித்தளையாகிவிடும். எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவைக்கு அரபு மொழியில் 'மிஃயார்' என்பது பெயர். உயிரணு ஆராய்ச்சியில் அத்தகையதொரு பொது மிஃயாரைத் தேடி அறிஞர்கள் நடந்து வந்த வழியை நாம் ஈண்டு நோக்குவோம்.

கரு உருவான முதற் சில நாள்களில் அதன் உட்புறத்து உயிரணுக்கள் இன்னதாகத்தான் ஆவோம் என்று முடிவு செய்திருப்பதில்லை. தோலாகவும் நரம்பாகவும் குருதியாகவும் இதயத் தசையாகவும் மாற வல்லவை அவை. இவ்வாற்றலையே பன்முக ஆற்றல் என்றும், அதனை உடைய உயிரணுக்களைக் குருத்தணுக்கள் என்றும் கூறுகின்றோம். 1981-ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், அதே ஆண்டில் கலிபோர்னியாவில் கெயில் மார்ட்டினும், சுண்டெலிக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்தனர். 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து பிரித்தார். 2006-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஷின்யா யமனாக்கா, நான்கே மரபணுக்களைச் செலுத்திச் சுண்டெலியின் வளர்ந்த உயிரணுவைக் குருத்து நிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டில் மனித உயிரணுவிலும் அது கைகூடிற்று. கருவைச் சிதைக்காமலே குருத்தணு பெறும் வழி திறந்தது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் புதிய புதிய அணு வரிசைகளை உருவாக்கலாயின.

உருவாக்கியது மெய்யான குருத்தணுதானா என்பதை எவ்வாறு அறிவது? பழைய சோதனை ஒன்று உண்டு. நோய் எதிர்ப்பாற்றலற்ற சுண்டெலியின் உடலில் அவ்வணுக்களைச் செலுத்துவர். அங்கே தோன்றும் கட்டியில் உடலின் மூவகை அடுக்குகளுக்கும் உரிய திசுக்கள் காணப்பட்டால் அணு மெய்யானது. ஆனால், இதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். முடிவும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்ததாகிவிடும். ஆகவே, விரைவான வழியாக மரபணு வெளிப்பாட்டுச் சோதனையை நாடினர்.

அதன் உட்பொருள் எளிதே. ஒரு நூலகத்தின் எல்லா நூல்களும் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ளன. எவை திறந்து வாசிக்கப்படுகின்றன என்பதில்தான் வேறுபாடு. வாசிக்கப்படும் மரபணு ஆர்.என்.ஏ. என்னும் படியை எடுக்கின்றது. அப்படியை டி.என்.ஏ.வாக மாற்றி, பன்மடங்கு பெருக்கி அளவிடுவதே பி.சி.ஆர். சோதனை. குருத்தணுவில் திறந்திருக்கும் நூல்களுள் தலையாயவை 'ஆக்ட்-4', 'நானாக்' என்பன. மூப்பறியா நாடெனும் அயர்லாந்துப் பழங்கதையிலிருந்து நானாக்கிற்கு 2003-ல் பெயரிட்டனர்.

சிக்கல் இங்கேதான் தோன்றிற்று. ஆக்ட்-4 மரபணுவைப் போலவே தோற்றமளிக்கும் போலி மரபணுக்கள் நம் மரபுத் தொகுதியில் உள்ளன. சோதனையைக் கவனமின்றி அமைத்தால் போலியின் குரல் மெய்யின் குரலாகக் கேட்கும். வளர்ந்தோர் உடலின் சாதாரணத் திசுக்களிலும் ஆக்ட்-4 உண்டென்று எழுந்த கூற்றுகள் சிலவற்றுக்கு இதுவே காரணமாகலாமென்று 2007-ல் அறிஞர்கள் எச்சரித்தனர். எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்பதிலும் கூடத்திற்குக் கூடம் வழக்கம் வேறாயிருந்தது. பி.சி.ஆர். அளவீட்டை வெளியிடுவோர் எவ்வெவ் விவரங்களைக் கட்டாயம் தரவேண்டுமென்னும் நெறிமுறை 2009-ல் வகுக்கப்பட்டது.

பொது உரைகல்லை அமைக்கும் பெருமுயற்சியாகப் பன்னாட்டுக் குருத்தணு முன்முயற்சியைக் குறிப்பிடல் வேண்டும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஆண்ட்ரூஸ் முன்னின்ற இம்முயற்சியில், 17 ஆய்வுக்கூடங்களிலிருந்து 59 மனிதக் கருக் குருத்தணு வரிசைகள் ஒருசேர ஆராயப்பட்டன. 2007-ல் முடிவு வெளிவந்தது. வெவ்வேறு மரபினரிடமிருந்து, வெவ்வேறு முறைகளில் பெறப்பட்டவையாயினும், நானாக், ஆக்ட்-4 உள்ளிட்ட சில மரபணுக்கள் அனைத்திலும் ஒத்து வெளிப்பட்டன. ஆயினும், அவ்வரிசைகள் முற்றிலும் ஒன்றாக இல்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஒப்புமையையும் வேறுபாட்டையும் ஒருங்கே பதிந்ததுதான் அவ்வாய்வின் சிறப்பு என்போம்.

ஓர் அடையாளத்தை மட்டும் நம்புவதன் கேட்டினை 2014 உணர்த்திற்று. சாதாரண உயிரணுவை அமிலத்தில் தோய்த்தாலே குருத்தணுவாகும் என்று ஜப்பானின் கோபே நகர் ரைக்கன் நிலையத்தார் சனவரியில் அறிவித்தனர். ஆக்ட்-4 விழித்ததைக் காட்டும் பச்சை ஒளி அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று. பிற கூடங்களில் அது கைகூடவில்லை. சூலையில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவர்தம் மாதிரிகளில் கருக் குருத்தணுக்கள் கலந்திருந்தன என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

அதே கோபேயில் அதே ஆண்டு செப்டம்பரில், பார்வை மங்கிய ஒரு மூதாட்டியின் விழித்திரையில், அவருடைய தோலிலிருந்து ஆக்கிய குருத்தணுவின் வழிவந்த திசு பொருத்தப்பட்டது. இரண்டாம் நோயாளிக்கென ஆக்கிய அணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்படவே, அந்தச் சிகிச்சை நிறுத்தி வைக்கப்பட்டது. உரைகல் எதற்கு என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமா? ஏட்டில் பிழைத்தால் கட்டுரையைத் திரும்பப் பெறலாம். கண்ணுக்குள் வைத்த அணு புற்றாகுமாயின் அதனைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்?

2011-ல் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒருங்கே கணித்துக் கூறும் 'ப்ளூரிடெஸ்ட்' என்னும் முறை வந்தது. 2018-ல் பன்னாட்டு அறிஞர்கள் இதனையும் பிறவற்றையும் பழைய சுண்டெலிச் சோதனையோடு ஒப்பிட்டனர். பன்முக ஆற்றலை அறிய எல்லாமே உதவின. புற்றாகும் அபாயத்தையும் சேர்த்துக் காட்டியது பழைய சோதனை ஒன்றே. 2023-ல் பன்னாட்டுக் குருத்தணு ஆராய்ச்சிக் கழகம் ஆய்வுக்கான பொதுத் தர வரையறைகளை வெளியிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது ஒன்று. ஓர் அடையாளம் சான்றாகாது. ஒரு கூடத்தின் சொல்லும் முடிவாகாது. பல அடையாளங்கள், பல கைகள், ஒரே அளவை ஆகியவை கூடுமிடத்தில்தான் அறிவு நம்பத் தக்கதாகின்றது. தன் அளவை எதை அளக்கவில்லை என்பதையும் ஒளிக்காது சொல்பவரே மெய்யான அறிஞர்.