இரும்பைக் கொடுக்கத் தேடினார்கள், இரும்பை எடுக்கும் மருந்து கிடைத்தது



தலசீமியா பற்றிப் பேச்சு வந்தால் பலரும் கேட்பது இதுதான்: "மாதா மாதம் இரத்தம் ஏத்துறாங்களே, பிறகு எதுக்கு இந்த மருந்தெல்லாம்?" கொஞ்சம் நீளமான பதில், பொறுமையாக வாசியுங்கள்.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீம். இரும்பு அணு ஒன்றை ஒரு சேதன மூலக்கூறு நடுவில் பிடித்து வைத்திருக்கும் சேர்வை அது. உயர்தர இரசாயனவியலில் பிள்ளைகள் படிக்கும் தாண்டல் உலோகச் சிக்கற் சேர்வைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒரு பைன்ட் இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. நம் உடலோ ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராமைத்தான் இழக்கிறது. மிகுதியை வெளியேற்ற உடலில் வழியே இல்லை. ஆகவே, ஏற்றிய இரத்தத்தின் இரும்பு ஈரலிலும் சுரப்பிகளிலும் இதயத்திலும் படிகிறது. இந்நோயை 1925இல் அமெரிக்காவின் டெட்ரோய்ட் நகரில் வைத்தியர் தோமஸ் கூலி விவரித்தார். பிற்காலத்தில், இரத்தம் ஏற்றிக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் பலர், அதே இரத்தத்தின் இரும்பினால் இதயம் பழுதடைந்து இளவயதிலேயே மௌத்தானார்கள்.

திருப்பம் சுவிட்சர்லாந்தில் வந்தது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பற்றீரியா, தனக்குத் தேவையான இரும்பைப் பிடிக்க ஒரு மூலக்கூறை வெளிவிடுகிறது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீபா மருந்துக் கம்பெனியும் சூரிச் நகர ஆய்வாளர்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற விளாதிமிர் பிரெலொக்கும் அவர்களில் ஒருவர். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இதன் மூலம் இரும்பு கொடுக்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால், உடலுக்குள் போன சேர்வை இரும்பை விடவே இல்லை. அப்படியே சிறுநீரில் வெளியேறியது. அப்படியானால் இரும்பை நீக்கிவிட்டு வெறும் மூலக்கூறைக் கொடுத்தால்? அது உடலில் தேங்கிய இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. நோயாளியின் சிறுநீர் செந்நிறமானது. அந்த மருந்துதான் டெஸ்பெரொக்ஸமின்.

இதன் ஒரு மூலக்கூறு ஆறு கைகளால் ஓர் இரும்பு அணுவைச் சுற்றிக்கொள்ளும். ஆனால், வாயால் குடித்தால் பயனில்லை. தோலுக்குக் கீழே ஊசி குத்தி, சின்ன பம்ப் ஒன்றின் மூலம் 8 முதல் 12 மணித்தியாலம் செலுத்த வேண்டும், வாரத்தில் ஐந்தாறு இரவுகள். எத்தனை உம்மாமார் தூங்கும் பிள்ளைக்கு அழுதுகொண்டே ஊசி குத்தியிருப்பார்கள்!

பிறகு குளிசைகள் வந்தன. டிபெரிப்ரோன் லண்டனில் 1980களில் பரீட்சிக்கப்பட்டு, 1990களில் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் இரும்பு அணுவைப் பிடிக்கும். சிலருக்கு வெண்குருதிக் கலங்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பதால் அடிக்கடி இரத்தம் பரிசோதிக்க வேண்டும். 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிபெரசிரொக்ஸ் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். இரண்டு மூலக்கூறுகளுக்கு ஓர் இரும்பு அணு.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டேவிட் வெதரோல் குழுவினர் நம் வைத்தியர்களோடு செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியாகி, இலங்கையின் தலசீமியாச் சுமையை உலகுக்குக் காட்டியது. குருநாகல் தலசீமியா நிலையம் இன்றும் இந்நோயாளிகளின் முக்கிய நம்பிக்கை.

ஆனால், இம்மருந்துகள் எதுவும் நோயைக் குணப்படுத்தாது. இரும்பை மட்டும் எடுக்கும், அதுவும் வாழ்நாள் முழுக்க எடுத்தால்தான். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். இரும்பு சத்தமில்லாமல் சேரும்.

இன்னொன்று. தாய், தந்தை இருவருமே காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க 25 வீத வாய்ப்பு உண்டு. காவிக்கு எந்த வருத்தமும் வெளியில் தெரியாது. சொந்தத்தில் முடிக்கும்போது இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மஹர், மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசுகிறோம். நிக்காஹ்வுக்குத் திகதி குறிக்க முன்னர் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்வது பற்றியும் பேசுவோம். காவி என்று தெரிந்தால் அது குறையுமல்ல, மறைக்க வேண்டிய இரகசியமுமல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைக் குத்பாவில் சொல்ல ஏற்பாடு செய்தால் பல வீடுகளின் கண்ணீர் குறையும், இன்ஷா அல்லாஹ்.

நோயோடு போராடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக.