தேய்ந்த அரத்தில் பிறந்த கத்தி

தேய்ந்துபோன அரத்தால் யாருக்கு என்ன பயன்? அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கொல்லர் தொழில் பயின்ற ஹாய்ட் பக் என்னும் இளைஞர், 1902-ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு விடை கண்டார். அரத்தின் எஃகு கரிச்சத்து மிகுந்தது. அதனைப் பக்குவமாகக் காய்ச்சித் தோய்த்துக் கத்தியாக்கினால் கூர் எளிதில் மழுங்காது என்பதே அவ்விடை.

பிற்காலத்தில் அவர் ஐடஹோ மாநிலத்தில் கிறிஸ்தவப் போதகரானார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, தேவாலயத்தின் நிலவறையிலேயே உலை அமைத்துப் படைவீரர்க்குக் கத்திகள் வடித்தார். 1947-இல் மகன் ஆல் பக்குடன் சான்டியாகோ நகரில் தொழிற்கூடம் கண்டார், 1949-இல் மறைந்தார்.

அம்மரபில் வந்ததே 119 என்னும் எண்ணால் அறியப்படும் வேட்டைக் கத்தி. மடக்க இயலாத அதன் அலகு 6 அங்குல நீளமுடையது. முதுகு நுனியருகே உட்குழிந்து சரிவதால் முனை ஒடுங்கி, தோலில் முதற்கீறல் இட உதவுகிறது. வளைந்த வாய்ப்புறம் தோலை உரிக்கிறது. பிடிக்கு முன்னுள்ள கைக்காப்போ, ஈரக்கை அலகின்மீது வழுக்காமல் தடுக்கிறது.

அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தைக் 'குருதிப் பள்ளம்' என்பர் பலர். குருதி வழிந்தோடவே அது வெட்டப்பட்டதெனக் கதையும் கட்டினர். உண்மை வேறு. வலிமை பெரிதும் குன்றாமல் எடையைக் குறைப்பதே அதன் பணி. கொலைக் கருவியின் பெயரை உழைப்புக் கருவிக்குச் சூட்டிவிட்டது கற்பனை!

இன்று அரத்துக்கு மாறாகத் துருவேறா எஃகு வந்துவிட்டது. 2005-இல் தொழிற்கூடமும் ஐடஹோவுக்கே திரும்பியது. அந்த இளைஞர் தேடியதோ ஒன்றே: வேலை முடியும்வரை நிற்கும் கூர். கத்தியை அதைக்கொண்டு மதிப்பிடுதலே முறை.