வீட்டுப் பின்புறம் கிடக்கும் பழைய கப்சாய்: ஹோண்டா சி70ஐச் சீர்படுத்திப் பராமரிக்க ஒரு வழிகாட்டி

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு ஹோண்டா கப்சாய் இருந்திருக்கும். அதிகாலையில் பால்மரம் வெட்டப் போனது அதில்தான், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் சென்றதும் அதில்தான். தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய அந்த வண்டி இன்று வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கலாம். பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்பதற்குள் அதை மீட்டெடுக்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. வீட்டுக் கார் நிறுத்துமிடமும் சில கருவிகளும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான வேலைகளை நீங்களே செய்யலாம்.

கப்சாய் வந்த கதை

ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் மோட்டார் சைக்கிளை 1958இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. நம் நாட்டில் ஹோண்டாவைப் பரப்பியவர் பினாங்கைச் சேர்ந்த வணிகர் லோ பூன் சியூ. 'கப்' என்ற பெயருடன் சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆனது. 2017இல் சூப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

இவ்வரிசையில் நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று சி70. 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர், 41.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மொத்தம் 72 சிசி. மூன்று கியர், கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. பழைய வண்டிகளில் 6 வோல்ட் மின்சாரமும் பாயிண்ட் முறை தீப்பொறியும் இருக்கும். அமைப்பு எளிமையானது என்பதால், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு ஏற்ற வண்டி இது.

முதலில் பத்திரம், பிறகு ஸ்பேனர்

உதிரிப் பாகங்களை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஆவணம் தொலைந்தால் சிக்கல். எனவே ஒரு வெள்ளி செலவழிப்பதற்கு முன்பே கிராண்டைத் தேடி எடுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். துரு மூடியிருந்தால் மென்மையான கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். அரைக்கும் இயந்திரத்தை அந்த இடத்தில் வைக்கவே கூடாது. எண் அழிந்துவிட்டால் நேர்மையான உரிமையாளர்கூட சந்தேகத்துக்கு ஆளாக நேரிடும்.

முன்பு யாராவது எஞ்சினை மாற்றியிருந்தால், அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். வண்டி காலமான ஒருவரின் பெயரில் இருந்தால், பெயர் மாற்றத்துக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை என்று ஜேபிஜே முகப்பில் நேரில் கேளுங்கள். பல ஆண்டுகளாகச் சாலை வரி கட்டாத வண்டி என்றால் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பரிசோதனை தேவையா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கையெழுத்திட வேண்டிய பெரியவர் உயிரோடு இருக்கும்போதே பெயரை மாற்றிக்கொள்வது மிகச் சுலபம்.

கழற்றும் முன் படம் எடுங்கள்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். கம்பிகளின் நிறம், கேபிள் செல்லும் பாதை, வாஷர் இருக்கும் பக்கம் ஆகிய மூன்றும்தான் பிறகு குழப்பும். போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று எழுதி வையுங்கள்.

ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் திருகுகள் ஜேஐஎஸ் அளவில் செய்யப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டால் நழுவித் தலை சிதைந்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளியும், சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பேக்ட் டிரைவரும் வாங்கினால் எஞ்சின் மூடித் திருகுகள் காப்பாற்றப்படும். துருவேறிய போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெயை முதல் நாள் இரவே தெளித்து வையுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறதா?

பல ஆண்டுகள் நின்ற வண்டியின் கிக்கரை எடுத்தவுடன் மிதிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசையவில்லை என்றால் மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பலம் போட்டால் பிஸ்டன் வளையம் உடையலாம். பல நாள் ஊறியும் அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எஞ்சின் சுற்றினால் பழைய எண்ணெயை வடித்துவிடுங்கள். அது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் இதை அதிகம் காணலாம். புதிய எண்ணெய் சுமார் 0.7 முதல் 0.8 லிட்டர் பிடிக்கும். கியரும் கிளட்ச்சும் அதே எண்ணெயில் ஓடுவதால் கார் எண்ணெய் ஊற்றாமல் மோட்டார் சைக்கிளுக்கான ஜேஏஎஸ்ஓ எம்ஏ தர எண்ணெயே ஊற்றுங்கள். அளவு பார்க்கும்போது எண்ணெய்க் கம்பியைத் திருகாமல், துளையில் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

தீப்பொறி

6 வோல்ட் சி70இல் எஞ்சின் எரிய பேட்டரி தேவையில்லை. ஃபிளைவீலில் உருவாகும் மின்சாரமே தீப்பொறி தருகிறது. எனவே வண்டி கிளம்பாததற்குப் பேட்டரியைக் குறைசொல்லிப் பயனில்லை. பேட்டரி ஹார்னுக்கும் சிக்னல் விளக்குக்கும்தான்.

பாயிண்ட் முனைகள் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபிளைவீலில் உள்ள 'எஃப்' குறி எஞ்சினிலுள்ள அடையாளத்துக்கு நேராக வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்றுபோகும் வண்டியில் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம்.

வால்வு இடைவெளியைச் சரிபார்க்க எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஃபிளைவீலின் 'டி' குறியை அடையாளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கர்களும் தளர்வாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். உள்ளிழுக்கும் வால்வுக்கும் புகை வால்வுக்கும் ஒரே அளவுதான், 0.05 மில்லிமீட்டர். இடைவெளி அதிகமானால் 'டக் டக்' சத்தம் கேட்கும். குறைந்தால் சத்தமே இல்லாமல் வால்வு எரியும். எனவே சிறு சத்தம் கேட்பது கெடுதல் என்று எண்ணி இறுக்கிவிட வேண்டாம்.

பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும்

பழைய பெட்ரோலை வெளியே, காற்றோட்டமான இடத்தில் வடித்தெடுங்கள். பூஜை விளக்கு, சிகரெட், மின்சாரக் கருவி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. காலியான தொட்டியிலும் ஆவி தங்கியிருக்கும். அதில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. வடித்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாமல் தெரிந்த பட்டறையில் ஒப்படையுங்கள்.

தொட்டிக்குள் துரு இருந்தால் பெட்ரோல் ஆவி முற்றும் போகக் கழுவிய பிறகு, வெள்ளை வினிகரை நிரப்பி ஓரிரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கலந்த நீரால் கழுவி உடனே உலர்த்துங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துரு படியும். ஆகவே உலர்ந்ததும் உட்புறத்தில் சிறிது எண்ணெய் சுழற்றி வையுங்கள்.

கார்புரேட்டரிலுள்ள பித்தளை ஜெட்டுகளில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் வண்டி பெட்ரோலை விழுங்கும். சுத்தம் செய்யும் திரவமும் காற்றும் போதும். ரப்பர் வளையங்களையும் பெட்ரோல் குழாயையும் புதிதாக மாற்றுங்கள்.

நிற்கத் தெரிந்தால்தான் ஓடலாம்

எஞ்சின் எரிந்ததும் சாலையில் ஒரு சுற்று போய்வர மனம் துடிக்கும். பிரேக் வேலை முடியும் வரை அது வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றால் ஊதாமல் முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

பட்டன் இன்னும் நன்றாக இருந்தாலும் பழைய டயரை நம்பக் கூடாது. 2000க்குப் பிறகு வந்த டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், யோசிக்காமல் மாற்றுங்கள். சி70க்குப் பொதுவாக முன்னால் 2.25-17, பின்னால் 2.50-17 அளவு. முன்சக்கரத்தைத் தாங்கும் சிறு கைகளிலுள்ள புஷ்கள் தேய்ந்திருந்தால் ஹேண்டில் ஆடும். சட்டத்தின் அடிப்பகுதியிலும் பேட்டரி இருந்த இடத்திலும் துரு ஓட்டை போட்டிருக்கிறதா என்று திருப்புளியால் குத்திப் பாருங்கள். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அனுபவமுள்ள வெல்டரிடம் காட்டுவதே பாதுகாப்பு.

சாயம் பூசுவதா, வேண்டாமா?

துரு ஏறாத பழைய சாயத்தைக் கழுவி மெழுகு பூசினாலே போதும். கீறலும் தேய்மானமும் வண்டியின் வரலாறு. அசல் சாயத்தை ஒருமுறை சுரண்டினால் திரும்பக் கிடைக்காது. புதிதாகப் பூசுவதென்றால் மழை நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஈரம் அதிகமாக இருந்தால் சாயம் வெண்மை படர்ந்து மங்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு

எஞ்சினில் காகித எண்ணெய் வடிகட்டி கிடையாது. அதனால் எண்ணெய் மாற்றுவதே அதன் ஆயுள். சுமார் 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, குறைவாக ஓட்டினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சங்கிலியின் தளர்வு நடுப்பகுதியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

கியர் போடும்போது வண்டி துள்ளினாலோ கிளட்ச் நழுவினாலோ, வலது பக்க மூடியிலுள்ள திருகைச் சரிசெய்யலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வலப்புறம் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு தடை தெரியும் வரை இடப்புறம் திருப்பி, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு வலப்புறம் திருப்பி நட்டை இறுக்குங்கள்.

வாரம் ஒருமுறையாவது பத்து நிமிடம் ஓட்டுங்கள். பல வாரம் நிறுத்துவதென்றால் பெட்ரோலை மூடிவிட்டுக் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். காப்புறுதியும் சாலை வரியும் இல்லாமல் வீட்டுத் தெருவில்கூட ஓட்டக் கூடாது.

இந்த வண்டிகளின் நுணுக்கம் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் பலர் சிறு பட்டறைகளில் இன்னும் வேலை செய்கிறார்கள். சிக்கிக்கொள்ளும் இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர்களிடம் கேளுங்கள். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.