சமூக நாணயத்திற்கு மென்பொருள்: தேர்வு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

ஒரு வட்டாரத்தினர் தங்களுக்குள் உழைப்பையும் பொருளையும் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கணக்கு முறையே சமூக நாணயம். கனடாவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் 1983-ஆம் ஆண்டு மைக்கேல் லின்டன் தொடங்கிய ‘லெட்ஸ்’ முறை இதற்கு முன்னோடி.

கடையில் பற்றுப் புத்தகம் வைத்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒருவர் துணி தைத்துக் கொடுத்தால் அவர் கணக்கில் 20 புள்ளி வரவு. தைத்து வாங்கியவர் கணக்கில் 20 புள்ளி பற்று. ஆனால் இங்கே புத்தகம் கடைக்காரருடையது அல்ல, எல்லாருக்கும் பொது. அதனால் அது யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியக் கேள்வி.

முதலில் விதி

ஒருவர் எத்தனை புள்ளி வரை பற்று வைக்கலாம்? பற்றைத் தீர்க்காமல் வெளியேறினால் இழப்பு யாருக்கு? இவற்றை உறுப்பினர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். மென்பொருள் முடிவு செய்யாது. இருபது முப்பது பேர் கொண்ட குழுவுக்குத் தொடக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

என்னென்ன உள்ளன?

சைக்லோஸ்: நெதர்லாந்தின் ‘ஸ்ட்ரோ’ அமைப்பு உருவாக்கியது. இங்கிலாந்தில் 2012-இல் தொடங்கிய பிரிஸ்டல் பவுண்டு இதைப் பயன்படுத்தியது. ஒவ்வொருவருக்கும் பற்று வரம்பு வைக்கலாம். இதன் 3-ஆம் பதிப்பு திறந்த மூல மென்பொருள். 4-ஆம் பதிப்பு அப்படி அல்ல. உரிம நிபந்தனை மாறக்கூடியது என்பதற்கு இதுவே சான்று.

சிஇஎஸ்: தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 2003-இல் தொடங்கியது. இணையம் வழி இயங்குவதால் சொந்த சர்வர் தேவையில்லை. ஆனால் கணக்கு முழுவதும் வெளியார் சர்வரில் இருக்கும்.

சராஃபு: கென்யாவில் பயன்படுவது. இணைய வசதி இல்லாத பட்டன் கைப்பேசியிலும் எண்களை அழுத்திப் புள்ளி அனுப்பலாம். முதியோர் அதிகம் உள்ள குழுக்கள் இந்த வசதியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* முழுக் கணக்கையும் நாமே பதிவிறக்கி வைத்துக்கொள்ள முடியுமா?
* தமிழ் எழுத்தில் இயங்குமா?
* தவறான பதிவை யார் திருத்தலாம்? திருத்தியது எல்லார் கண்ணுக்கும் தெரியுமா?
* நிர்வகிப்பவர் விலகினால் அடுத்தவர் நடத்த முடியுமா?

சட்டம்

கென்யாவில் 2013-இல் ‘பங்களா-பெசா’ என்ற சமூக நாணயத்தைத் தொடங்கியவர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. மலேசியாவில் நாணயம் வெளியிடும் உரிமை பேங்க் நெகாராவுக்கே உண்டு. ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு புள்ளி கொடுப்பதாக இருந்தால், தொடங்கும் முன்பே சட்ட ஆலோசனை பெறுவது நல்லது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாதம் ஒரு முறை கணக்கைப் பதிவிறக்கி, இருவரிடம் கொடுத்து வையுங்கள். எல்லாக் கணக்குகளையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும். வராவிட்டால், கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.