இழை வெட்டும் புரதம் பிறந்த கதை

முயலின் நுரையீரலைக் கழுவி எடுத்த வெண்குழியங்களிலிருந்துதான் ஜெல்சோலின் என்ற புரதம் வெளியே வந்தது. பொஸ்டனில் வேலை செய்துகொண்டிருந்த ஹெலன் யின், தோமஸ் ஸ்டோசல் என்ற இருவரும் 1979இல் ‘நேச்சர்’ இதழில் அதை அறிவித்தார்கள்.

வெட்டும் கருவியைப் பற்றிச் சொல்லுமுன் வெட்டுப்படும் இழையைச் சொல்ல வேண்டும். அக்டின் என்ற புரதத்தை ஹங்கேரியின் செகெட் நகரில், போர் நடந்துகொண்டிருந்த 1942இல், ஸ்ட்ராவுப் என்பவர் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். உப்பில்லாத நீரில் அக்டின் தனித்தனி மூலக்கூறாகக் கிடக்கும். உப்பைச் சேர்த்தால் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறத்தாழ 7 நனோமீற்றர் தடிப்புள்ள இழையாக நீளும். தசைக்கு மட்டும் உரிய சரக்கு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1966இல் ஹட்டானோவும் ஊசாவாவும் தசை என்ற பேச்சே இல்லாத சளிப்பூஞ்சணத்திலும் அதைக் கண்டார்கள்.

நகர்ந்துபோய்க் கிருமியை விழுங்கும் மக்ரோபேஜ் என்ற வெண்குழியத்திலும் அக்டின் நிறைய உண்டு. ஸ்டோசலும் அவரோடு வேலை செய்த ஹார்ட்விக்கும் எழுபதுகளில் அந்தக் கலங்களை நொறுக்கிச் சாறெடுத்தார்கள். குளிரில் திரவமாக இருந்த சாறு, சூடேறியதும் கட்டியானது. அக்டின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் இன்னொரு புரதம் அதற்குள் இருந்ததே காரணம். இலங்கையின் படுவான்கரையில் இதை விளக்க ஒரு தயிர்ச்சட்டி போதும். உறைந்த எருமைத் தயிர் சட்டியைச் சரித்தாலும் வழியாது. கரண்டி பட்ட இடத்தில் மட்டும் நீர் விடும். ஆனால் கலைந்த தயிர் திரும்ப உறையாது, கலம் உறையும். உவமைக்கு அவ்வளவுதான் ஆயுள்.

கலத்துக்குள் கரண்டி போடுவது யார்? சாற்றில் கல்சியம் கொஞ்சம் கூடினால் கட்டி இளகியது. அந்த வேலையைச் செய்த புரதத்தைத் தனியாகப் பிரித்தபோது, அது குறுக்குப் பிணைப்புகளைத் தொடவேயில்லை, இழைகளைத்தான் துண்டாக்கியது. கணக்கு எளிது. ஒவ்வோர் இழையையும் பாதியாக்கினால் இழைகளின் எண்ணிக்கை இரட்டிக்கும், அதே வலையைக் கட்ட இருமடங்கு பிணைப்பு வேண்டும். ஆகவே சில வெட்டுகளிலேயே கட்டி தளர்ந்துவிடும். கட்டியான ‘ஜெல்’லைத் திரவமான ‘சோல்’ ஆக்குவதால் ஜெல்சோலின் என்று பெயர் வைத்தார்கள்.

ஜெல்சோலினில் ஆறு பகுதிகள் உண்டு. கல்சியம் இல்லாதபோது அவை ஒன்றையொன்று மூடிச் சுருண்டிருக்கும். கல்சியம் பட்டதும் விரிந்து, இழையின் பக்கவாட்டைப் பற்றி, அடுத்தடுத்த அக்டின்களைப் பிரித்துவிடும். வெட்டியதோடு போவதுமில்லை, வேகமாக வளரும் முனையில் மூடியாக உட்கார்ந்துவிடுகிறது, அந்த முனை பிறகு நீளாது. மூடியைக் கழற்றுவது கல மென்சவ்விலுள்ள ஒரு கொழுப்பு. இதை 1987இல் ஜன்மியும் ஸ்டோசலும் காட்டினார்கள். மூடி கழன்ற ஒவ்வொரு துண்டும் புதிய இழை வளரும் இடமாகிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்: வெட்டினால் அழிகிறது என்று பார்த்தால், கலத்துக்கு அதுவே விதைப்பு. 1995இல் ஜெல்சோலின் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை பிழைத்துக்கொண்டன. ஆனால் அவற்றின் நாரரும்பர்க் கலங்களில் தடித்த அக்டின் கட்டுகள் தேங்கின, கலங்கள் மந்தமாக நகர்ந்தன, குருதி கசிவது நிற்கவும் நேரமெடுத்தது.

இதற்கிடையே வேறு ஆய்வுகூடங்களில், குருதித் திரவத்தில் அக்டின் இழைகளைக் குலைக்கும் ஏதோ ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதுவும் ஜெல்சோலினே என்றானது. ஒரே மரபணு, இரண்டு வடிவம்: ஒன்று கலத்துக்குள், முனையில் சிறு நீட்சியோடு மற்றொன்று குருதியில். இதைக் குவியட்கோவ்ஸ்கி குழு 1986இல் நிறுவியது. குருதிக்கு அனுப்புவதில் பெரும்பங்கு தசைக்கு.

குருதியில் எதற்கு வெட்டுக்கருவி? ஒரு பாம்புக்கடி இதை விளக்கும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் படுவான்கரையின் வெல்லாவெளி வயல் வரம்புகளில் நடப்பவர் எவருக்கும் புடையனை (கண்ணாடி விரியனை) அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலங்கைப் புடையனின் விஷம் குருதி உறைவைக் குலைப்பதோடு தசையையும் அழிக்கும் என்பதை 1988இல் இங்குள்ள நோயாளிகளை வைத்தே மருத்துவர்கள் எழுதினார்கள். கடிபட்டவரின் சிறுநீர் கோலா நிறத்துக்கு மாறுவது உடைந்த தசையின் மயோகுளோபின் என்ற நிறப்புரதத்தால். நிறம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் அதையே பேசுகிறார்கள். உடைந்த தசையிலிருந்து நிறமில்லாத அக்டினும் கொட்டுகிறது. குருதியின் உப்பில் அது உடனே இழையாகப் பார்க்கும். 1990இல் எலிகளின் நாளத்தில் அக்டினை அளவுக்கு மீறிச் செலுத்தியபோது நுரையீரல் நாளங்கள் அடைத்து அவை இறந்தன. அந்த ஆபத்தைத் தினமும் தடுப்பது ஒரு கூட்டணி: ஜெல்சோலின் இழைகளை வெட்டித் தள்ள, விற்றமின் டீயைச் சுமக்கும் இன்னொரு புரதம் உதிரி அக்டின்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கூட்டணிக்கும் கொள்ளளவு உண்டு. தசை அழிந்த நோயாளிகளின் குருதியில் ஜெல்சோலின் குறைந்திருப்பதை 1997இல் அளந்து காட்டினார்கள். கொட்டுவதும் தசை, துப்புரவுக்காரனை அனுப்புவதும் தசை என்பதால் புடையன் கடி இரண்டு பக்கமும் அடிக்கும் என்றே நான் எண்ணுகிறேன். தசை எவ்வளவு உடைந்தது என்று பார்க்க வார்ட்டில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியை அளப்பார்கள். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் ஜெல்சோலினுக்கு இன்னும் இடமில்லை.