கொடி யாரிடம், சாவி யாரிடம்?

நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து பேசறேன். இங்க இருந்த முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோட கட்டினது. 1962ல மின்சாரம் தர ஆரம்பிச்சுது, 2020ல மூடினாங்க. நமக்கு உதவின அந்த நாட்டுக்குள்ளயும் நெய்வேலி மாதிரியே ஒரு கேள்வி இருந்தது: மண்ணுக்கு அடியில கிடைக்கறதைப் பத்தி யார் முடிவெடுக்கறது?

தத்தாரிஸ்தானை எடுத்துக்கங்க. ரஷ்யாவுக்குள்ள, வோல்கா நதிக்கரையில இருக்கு, தலைநகர் கசான். 1920ல அதைத் 'தன்னாட்சி சோவியத் குடியரசு' ஆக்கினாங்க. தனி அரசியல் சட்டம், தனி சட்டமன்றம், தனிக் கொடி, எல்லாம் உண்டு. ஆனா 1978ல வந்த கொடியைப் பாருங்க. ரஷ்யக் குடியரசோட அதே சிவப்புக் கொடி. மேல குடியரசோட பேர் மட்டும் ரஷ்ய மொழியிலும் தத்தார் மொழியிலும் இருக்கும்.

தலைமையும் அப்படித்தான். சட்டமன்றத்துக்குத் தலைவர் இருந்தார், ஆனா அதிகாரம் கட்சியின் முதல் செயலாளர்கிட்ட. 1960லிருந்து 1979 வரைக்கும் அந்தப் பதவியில ஃபிக்ரியத் தபேயெவ். அவரும் தத்தார்தான், ஆனா மாஸ்கோ சம்மதம் இல்லாம அந்த நாற்காலியில யாரும் உட்கார முடியாது. ரொமாஷ்கினோங்கிற மிகப்பெரிய எண்ணெய் வயல் அங்கதான் 1948ல கிடைச்சுது. அந்த எண்ணெயைப் பத்தின முடிவும் மாஸ்கோவுலதான். லோகோ உங்களோடது, அட்மின் பாஸ்வேர்டு இன்னொருத்தர்கிட்ட.

இப்போ சென்னைக்கு வருவோம். 1969 ஜனவரி 14ல 'சென்னை மாநிலம்' அதிகாரபூர்வமா 'தமிழ்நாடு' ஆச்சு. அதே வருஷம் முதல்வர் கருணாநிதி, மத்திய–மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைச்சார். 1970ல மாநிலத்துக்குன்னு தனிக் கொடி வேணும்னு கேட்டு, மாதிரியும் காட்டினார்: ஒரு மூலையில மூவர்ணக் கொடி, இன்னொரு மூலையில கோபுரச் சின்னம். எதிர்ப்பு கிளம்பிச்சு, கொடி வரலை.

ஆனா வேற ஒண்ணு வந்தது. அதுவரைக்கும் சுதந்திர தினத்துல கோட்டையில கொடி ஏத்தினது ஆளுநர். 'மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர் ஏத்தட்டும்'னு கருணாநிதி கேட்டார். 1974 ஆகஸ்ட் 15லிருந்து எல்லா மாநில முதல்வர்களுக்கும் அந்த உரிமை கிடைச்சுது.

அதே 1974 ஏப்ரல்ல சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேத்திச்சு. ஆட்சியைக் கலைக்க வழி தர்ற 356வது பிரிவை நீக்கணும்னு ராஜமன்னார் குழு 1971லயே சொல்லியிருந்தது. 1976 ஜனவரி 31ல அதே பிரிவை வெச்சுத்தான் கருணாநிதி ஆட்சியைக் கலைச்சாங்க. கோட்டையில கொடி ஏத்தற உரிமை கிடைச்சு ரெண்டு வருஷம்கூட ஆகலை.

அப்போ சின்னம் எல்லாம் வெறும் அலங்காரமா? அப்படிச் சொல்லிட முடியாது. தத்தாரிஸ்தான் 1990ல இறையாண்மைப் பிரகடனம் செஞ்சுது, 1991ல பச்சை–வெள்ளை–சிவப்புல சொந்தக் கொடி, 1994ல மாஸ்கோவோட அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம். அதுக்குப் பதிலா 2007ல வந்த ஒப்பந்தம் 2017ல காலாவதியாச்சு, யாரும் புதுப்பிக்கலை. கொடி இன்னிக்கும் பறக்குது.

நமக்குத் தனிக் கொடி இல்லை. ஆனா 1994ல வந்த பொம்மை வழக்குத் தீர்ப்பு ஆட்சிக் கலைப்பைக் கடினமாக்கிச்சு. 2013ல நெய்வேலி பங்குகளை மத்திய அரசு விற்க வந்தப்போ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க; கடைசியில 3.56 சதவீதத்தைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிச்சு. முதல்வர் ஜெயலலிதா, எதிர்க்கட்சியான தி.மு.க., ரெண்டு பக்கமும் பங்கு விற்பனையை எதிர்த்தாங்க. ஓட்டு போடறவங்களுக்குப் பதில் சொல்லணும்கிற கட்டாயம் ரெண்டு பேருக்கும் இருந்தது. தபேயெவுக்கு அது இல்லை.

அதனால எந்த ஊர் கொடியைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. அதை ஏத்தறவரை யார் தேர்ந்தெடுத்தாங்க? அவரை யாரால இறக்க முடியும்? உங்க பதிலை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.